நெடுங்கல்பட்டியின் தொங்கல் நேரம்

எங்க ஊருல ஒருத்தருக்கு இன்னொருத்தர் மேல பாசம் இருக்கா, இல்ல வெறும் வாய்ப்பந்தல்தானான்னு தெரிஞ்சுக்க ஜோசியக்காரன்கிட்டப் போக வேண்டியதில்ல, குனிஞ்சு காலைப் பாத்தாப் போதும். இந்த வசதி எங்களுக்கு எப்ப வந்துச்சுன்னா, மாவு மில்லு பஞ்சவர்ணத்தோட மக சுடர்க்கொடி இடுப்புல கயிறு இல்லாம நெடுங்கல்லு மேல மொத மொதலா ஏறுன ஞாயித்துக்கிழமை காலையில வந்துச்சு.

நெடுங்கல்லுன்னா ஊரை ஒட்டி நட்டக்குத்தலா நிக்கிற ஒத்தப் பாறை. பின்பக்கமாப் படி உண்டு, உச்சியில இருக்கிற கருப்பசாமிக்குப் பொங்கல் வைக்க அது வழியாத்தான் போவோம். முன்பக்கம் இருக்கே, அதுல பல்லி கூட ரெண்டு தடவை யோசிச்சுத்தான் ஏறும். சுடரு வெளியூருக்குப் படிக்கப் போன எடத்துல பாறை ஏறுறதைக் கத்துக்கிட்டு வந்துட்டா. கயிறு, கொக்கி, தலைக்கு ஒரு சட்டி எல்லாம் மாட்டிக்கிட்டு கூட்டாளிகளோட ஏறுவா, நாங்க கீழ நின்னு, பொட்டப்புள்ளைக்கு இது எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, சொன்ன கையோட கையும் தட்டுவோம். அப்பல்லாம் எங்க கால் இருக்க வேண்டிய எடத்துலதான் இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை அவ தனியாப் போனா. கயித்தைச் சுருட்டி வீட்டு ஆணியில மாட்டிட்டு, வெறுங்கையோட, வெறுங்காலோட. அவ பாதம் மண்ணை விட்டுப் பாறையில ஏறுன அந்த நிமிசம், மில்லுல மல்லி அரைச்சுக்கிட்டு இருந்த பஞ்சவர்ணம் ஒரு முழம் மேல எழும்பி அந்தரத்துல நின்னா. வாயுத்தொல்லைன்னு நெனச்சு ஒரு பெருங்காயத் துண்டை வாயில போட்டுக்கிட்டு, பாதியில மில்லை நிப்பாட்டுனா மல்லி சிக்கிக்கிடுமேன்னு தொங்குனபடியே அரைச்சு முடிச்சு, சலிச்சும் குடுத்தா. தூக்குவாளியோட வரிசையில நின்ன நாங்களும் நாலு விரக்கடை, அஞ்சு விரக்கடைன்னு அங்கங்க எழும்பித்தான் நின்னோம், ஆனா வரிசை கலைஞ்சா எடம் போயிருமேன்னு ஒருத்தரும் நகரல. சுடரு உச்சிக்குப் போய்க் கருப்பசாமி மேடையில கால் வச்சதும், அடுப்புல இருந்து பானையை எறக்கி வைக்கிற மாதிரி எல்லாரும் மெதுவாத் தரைக்கு வந்துட்டோம்.

ஏன் இப்படின்னு நாங்க ரொம்ப ஆராயல. மதுரையில இருந்து ஒரு வாத்தியாரு அளக்குற டேப்போட வந்தாரு. யாரு எம்புட்டு உசரம், ஆணா பொண்ணான்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டே இருந்தவருக்கு, வெயில்ல வந்திருக்கீங்களேன்னு சுடரு ஒரு செம்பு மோரு குடுத்துட்டு ஏறப் போனா. மனுசன் மோரும் கையுமா அவரே தொங்கிட்டாரு. அதோட அளக்க ஆளில்லாமப் போச்சு.

காரணம் தெரியாட்டி என்ன, பழக்கம் வந்துருச்சு. சுடரு கயிறில்லாம ஏறுற நேரத்துக்குத் தொங்கல் நேரம்னு பேரு வச்சோம். தொங்குற ஆளு லேசாத்தான் இருப்பாங்க, காத்தடிச்சா தெருக்கோடிக்குத் தள்ளிக்கிட்டுப் போயிரும், அதனால வீட்டுக்கு வீடு தூணுல ஒரு முழக் கயிறு தொங்கவிட்டோம், தொட்டில் புள்ளைகளைத் தொட்டிலோட சேத்துக் கட்டுனோம். அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க வினை. யாரு கால் தரையில இருக்குன்னு பாக்குறதே ஊருக்கு வேலையாப் போச்சு. 'ஏன்டி, அந்தப் புள்ள உனக்குப் பிரசவத்துக்கு ஆட்டோ புடிச்சுக் குடுத்தவ, கல்லு மாதிரி நிக்கிறியே, நன்றி வேணாம்?'னு மாமியாரு கேக்க, மருமக மூக்கைச் சிந்த. கவுரவம் போயிரக் கூடாதுன்னு சில ஆம்பளைங்க வேட்டிக்குள்ள செங்கல்லு வச்சு அது மேல ஏறி நின்னாங்க. வெளிய சொன்னா வெக்கக்கேடு, என் வீட்டுக்காரரும் செங்கல்லுல நின்னவருதான். காத்துல வேட்டி விலகவும் குட்டு வெளிப்பட்டு, ஒரு வாரம் அவருக்கு நான் பழைய சோறுதான் போட்டேன்.

ரொம்பச் சிக்கப்பட்டவன் மினிபஸ் டிரைவர் கனிராஜ்தான். மொத தடவை சந்தைப்பேட்டை எறக்கத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தவனுக்கு ரெண்டு காலும் பிரேக்கை விட்டு மேல வந்துருச்சு. தலை போய்க் கூரையில இடிக்க, கைபிரேக்கை எட்டி இழுத்து, வண்டியை ஒரு வைக்கப்போருல சாத்தி நிப்பாட்டுனான். ஒருத்தருக்கும் கீறல் இல்ல. ஊருலயே இம்புட்டு உசரம் எழும்புனது பெத்தவளுக்கு அடுத்து இவன்தான்னு தெரிஞ்ச பின்னாடி, பஸ்ஸுல வர்ற பொம்பளைங்க, 'ஏன் தம்பி, இம்புட்டு ஆசையை உள்ள வச்சுக்கிட்டா ரெண்டு வருசமா ஆரன் மட்டும் அடிச்சுக்கிட்டு இருந்த?'ன்னு அவனைப் புடிச்சுக்கிட்டாங்க. பய மூஞ்சி செவசெவன்னு ஆயிப் போச்சு.

ஊருல கால் கொஞ்சமும் எழும்பாம, அதைப் பெருமையாவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஒரே ஆளு கோவில்பிள்ளை அண்ணாச்சி. மில்லுக்குப் பக்கத்துக் கடை, ஆணி, சங்கிலி, கயிறு எல்லாம் விக்கிறவரு. பஞ்சவர்ணம் மொளகா அரைக்கிறப்பல்லாம் நெடி சுவத்தைத் தாண்டிப் போய் அண்ணாச்சி தும்முவாரு, தும்முற தும்மலுல தராசு ஆடும். இதுக்காக ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸு போட்டு, வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸுல போய், வேற வேற சீட்டுல உக்காந்து வருவாங்க. 'ஆத்தாளும் ஆகாது, மகளும் ஆகாது. என் கால் என் பேச்சைக் கேக்கும்'பாரு அண்ணாச்சி. சொல்லிட்டு ஒரு தும்மலு போடுவாரு.

வைக்கப்போரு விசயம் மட்டும் எல்லாருக்கும் நெஞ்சுல முள்ளா நின்னுச்சு. சமுதாயக் கூடத்துல ஊரைக் கூட்டுனாரு தலைவரு செல்லப்பாண்டி. 'அன்னைக்கு வைக்கப்போரு இல்லைன்னா என்ன கதி தாயி?'ன்னு கேட்டாரு.

சுடரு எந்திரிச்சா. 'நானாய்யா உங்களைத் தூக்குனேன்? ஏறுறது நான். விழுந்தா விழப்போறதும் நான். உசுரு என்னுது.'

'உசுரு உன்னுதுதான். காலு எங்களுதுல்ல?'ன்னு பின்னாடி இருந்து ஒரு கெழவரு சொன்னாரு. கூடமே சிரிச்சுச்சு, ஆனா சிரிச்ச கையோட எல்லாரும் அவ மூஞ்சியத்தான் பாத்தோம்.

'கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறேன்டி, யாரு உன்னை ஏறாதேன்னா?'ன்னா பஞ்சவர்ணம்.

'கயிறு இருந்தா மனசுல பாதி கயித்துல இருக்கும்மா. கயிறு இல்லைன்னா மனசு முழுசும் விரல் நுனிக்கு வந்துருது. அப்ப எனக்குப் பேரு இல்ல, ஊரு இல்ல, பயமும் இல்ல. அதை எப்படிச் சொல்ல? அதை விடச் சொன்னா நான் எதுக்கு ஏறணும்?'

கடைசியில, ஏறுறதுக்கு முன்னாடி ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிரணும்னு முடிவாச்சு. அன்னையில இருந்து, 'சுடர்க்கொடி ஏறப் போறாங்க, வண்டியில போறவங்க ஓரமா நிறுத்துங்க, அடுப்புல எண்ணெய் காய வச்சவங்க எறக்கி வைங்க'ன்னு மைக்குச் சத்தம் கேட்டா, நாங்க பாட்டுக்குத் தூணைத் தேடிப் போயிருவோம். பேசுறவங்க பேசுவோம், பேன் பாக்குறவங்க பாப்போம்.

இப்படியே ஓடியிருக்கும். அவ நெடுங்கல்லோட மேக்கு முகத்து மேல கண்ணு வச்சதுலதான் எல்லாம் கெட்டுச்சு. ஊருல இருந்து பாத்தா தெரியாத பக்கம் அது, ஒருத்தரும் ஏறுனதில்ல, ஏறி முடிக்க ஒரு பகல் முழுசும் வேணும். ஒரு பகல் முழுக்க ஊரு அந்தரத்துல தொங்குமா? வயசானவங்க தாங்குவாங்களா? அவளும் யோசிச்சுப் பாத்துட்டு, எங்க ஊருக்காரிக்கு மட்டுமே தோணுற ஒரு யோசனையைப் புடிச்சா. எல்லாரோடயும் சண்டை போட்டு, எல்லாரு மனசுலயும் தன்னை வெறுக்க வச்சுட்டா, ஒருத்தரும் தொங்க மாட்டாங்கல்ல?

ஆத்தாடி, என்ன வாயிங்கிறீங்க! என் குழம்பை மாட்டுத் தவிடுன்னா. செல்லப்பாண்டி மீசையைத் தேய்ஞ்ச வெளக்கமாறுன்னா. கனிராஜ் பஸ்ஸுல ஏறி, கூட்டம் பூரா கேக்க, 'உன் ஆரனும் உன்னை மாதிரியே அழுமூஞ்சி'ன்னா. நாங்களும் ரோசப்பட்டு, இனி இவ மூஞ்சியில முழிக்கிறதில்லைன்னு சாமி மேல சத்தியம் பண்ணுனோம். அடுத்த தடவை சும்மா சோதிச்சுப் பாக்க அவ கொஞ்ச தூரம் ஏறுனா, எல்லாரும் முன்னைக்கு இப்ப ரெண்டு விரக்கடை கூடுதலாத் தொங்குறோம்! கோவம் வேற, அது வேற போல. கனிராஜ் வேப்பமரத்துக் கெளையைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தான்.

அவ சண்டை போட மிச்சம் இருந்தது பஞ்சவர்ணம்தான். ஒரு புதன்கிழமை மத்தியானம், மில்லுக்கு வெளிய நாங்க உக்காந்திருக்க, சுடரு ஆத்தாக்காரியைப் பாத்துச் சொல்லிட்டா. 'நீ எனக்காகவாம்மா தொங்குற? எம்மேல உனக்குப் பாசம்னு ஊரு பாக்கணும்னு தொங்குற. பூரா சீனு.'

பஞ்சவர்ணம் கையில இருந்த மாவைத் தட்டிவிட்டா. 'மில்லைப் பாத்துக்க'ன்னா. சீலையைத் தார்ப்பாச்சாக் கட்டிக்கிட்டுத் தெருவுல எறங்கி நடந்தா. கடன்காரனைத் தேடிப் போறாளோன்னு நெனச்சோமே ஒழிய, நெடுங்கல்லுக்குப் போறான்னு யாரு நெனச்சா?

சுடரு ஒரு படி கம்பை மில்லுல கொட்டிக்கிட்டு இருந்தா. கொட்டுன கை அப்படியே நிக்க, அவ கால் ரெண்டும் தரையை விட்டு எழும்புச்சு. அவளுக்கு இது புதுசு. இத்தனை நாளும் தொங்கவிட்டவளே ஒழியத் தொங்குனவ இல்ல. கீழ பாத்தா, எங்களைப் பாத்தா, மூஞ்சி வெளுத்துப் போச்சு. 'அம்மா'ன்னு கத்துனா பாருங்க, இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மேலு சிலுக்குது. எந்தப் பாறையிலயும் புடி கண்டுபிடிக்கிற அந்தக் கை ரெண்டும் காத்துல தொழாவுது, புடிக்க ஒண்ணும் இல்ல.

ஓடிப் போய்த் தடுக்கலாம்னா ஊரே அந்தரத்துல நிக்குது. பஞ்சவர்ணம் அரைச்ச மாவைத் திங்காத வயிறு எங்க ஊருல ஏது? மைக்கும் சொல்லல, ஒருத்தரும் கட்டிக்கல, காத்துல ஆளுக்கொரு பக்கமா மெதக்குறோம். அப்பத்தான் பக்கத்துக் கடையில தும்மல் சத்தம் கேட்டுச்சு. அண்ணாச்சி தரையில நின்னாரு, அய்யனாரு செலை கணக்கா.

'அண்ணாச்சி, கயித்தை எடுத்துட்டு ஓடுங்க! எங்கம்மா பாறையில நிக்கிறா!'ன்னு சுடரு கதறுனா.

'அவளுக்காக நானா? பதினோரு வருசமாத் தும்மிக்கிட்டு இருக்கேன்.' சொன்னாரே ஒழிய, இருக்கிறதுலயே தடிமனான கயித்துக் கட்டை அதுக்கு முன்னாடியே தோளுல போட்டுட்டாரு. 'விழுந்து தொலைச்சா கேஸு யாரு மேல நடத்துறது?'

'என்னையும் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி.'

அண்ணாச்சி கயித்துல நாலு முழத்தை அறுத்து அவ இடுப்புல கட்டி, இழுத்துக்கிட்டு நடந்தாரு. கயிறே வேணாம்னவ இடுப்புல கயித்தோட, கோயிலுக்கு நேந்துவிட்ட கெடா மாதிரி, கடைவீதி வழியாப் போனா. நாலு கடை தாண்டல, அண்ணாச்சிக்குக் கால் தரையில சரியாப் பாவல. குதிகால் எழும்புது. அவருக்கே ஆச்சரியம். 'அய்யய்யோ, மொளகாப்பொடி! மொளகாப்பொடி!'ன்னு தனக்குத்தானே சத்தம் போட்டுக்கிட்டாரு, கால் எறங்குச்சு. எங்களுக்கு உடனே வெளங்கிருச்சு. எங்க ரோசம் மாதிரி இல்ல, இது பதினோரு வருசக் கோவம்; அது தீர்ந்து இந்த ஆளும் எழும்பிட்டா பஞ்சவர்ணம் போயிருவா. 'அண்ணாச்சி, உங்க மேல கோர்ட்டுல பொய் சொன்னாளே!'ன்னு நான் கத்துனேன். 'சாக்கடையை உங்க பக்கம் திருப்பிவிட்டாளே!'ன்னாரு செல்லப்பாண்டி. 'உங்க பேத்தி காதுகுத்துக்கு வரலையே!'ன்னு சுடரே கத்துனா, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட. ஊரு பூரா அந்தரத்துல மெதந்துக்கிட்டு, உசுரா நெனைக்கிற பொம்பளையோட குத்தத்தையெல்லாம் ஒண்ணுவிடாமச் சொல்லிச் சொல்லி அந்த மனுசனைத் தரையில நடக்க வச்சோம்.

பாறைக்குக் கீழ புளிய மரத்துல சுடரைக் கட்டிப் போட்டுட்டு, அண்ணாச்சி பின்பக்கப் படியில மூச்சு வாங்க ஏறிப் போனாரு. சுடரு நிமிந்து பாத்தா. ரெண்டு தென்னை மரத்து உசரத்துல ஒரு விளிம்புல, ஒரு பாதம் அகலம் இருக்குமா, அதுல கன்னத்தைப் பாறையில ஒட்டிக்கிட்டுப் பஞ்சவர்ணம் நிக்கிறா. மேலயும் போக முடியாது, கீழயும் எறங்க முடியாது. கொஞ்ச நேரத்துல உச்சியில இருந்து அண்ணாச்சி கருப்பசாமி தூணுல கட்டி விட்ட கயிறு அவ தோளுக்குப் பக்கத்துல வந்து ஆடுச்சு.

'அம்மா, அதைப் புடி! இடுப்புல ரெண்டு சுத்துச் சுத்து!'

பஞ்சவர்ணம் புடிக்கல. 'சுடரு'ன்னா. கோவமே இல்லாத குரலு. 'சத்தமே இல்லடி இங்க. மில்லு ஓடாட்டியும் என் காதுக்குள்ள மில்லு ஓடிக்கிட்டே இருக்கும், தூங்கையிலயும் ஓடும். இங்க வந்ததும் நின்னுருச்சுடி.'

'அம்மா, கால் நடுங்குதாம்மா?'

'நடுங்கல. உன்னைத் திட்டணும்னுதான்டி ஏறுனேன். ஏறுனதும் உன் நெனப்பே வரல. பெத்த மகளையே மறந்துட்டு நிக்கிறேன்டி, சந்தோசமா இருக்கு. கொஞ்சம் இருந்துட்டு வரட்டுமா?'

சுடருக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. புடிச்சுத் தொலைம்மான்னு கத்த வாயெடுத்தவ, அப்படியே முழுங்கிட்டா. புளியங் கெளையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. 'இரும்மா, இருந்துட்டே வா. நான் தொங்கிக்கிறேன்'னா.

எம்புட்டு நேரம்னு தெரியாது. அவளுக்குப் போதும்னு பட்டப்ப, பஞ்சவர்ணம் கயித்தை எடுத்து மக சொன்ன மாதிரியே இடுப்புல சுத்தி முடிச்சுப் போட்டா. முடிச்சு இறுகுன நிமிசம் நாங்க எல்லாரும் தொப்பு தொப்புன்னு தரைக்கு வந்துட்டோம். படியேறி ஓடி, பத்து இருவது கையாச் சேந்து அவளைப் பூப்போல எறக்குனோம். நாங்க உச்சிக்குப் போய்ச் சேரையில அண்ணாச்சி கருப்பசாமி தூணைக் கட்டிக்கிட்டு, கண்ணை இறுக்க மூடி, 'மொளகாப்பொடி, மொளகாப்பொடி'ன்னு முனங்கிக்கிட்டு இருந்தாரு. அவரு செருப்பு ரெண்டும், எழும்பையில கால்ல இருந்து கழண்டு விழுந்த மாதிரி, ஒரு முழம் தள்ளித் தனியாக் கெடந்துச்சு. கேட்டா, கழட்டி வச்சேன்கிறாரு.

அதுக்கப்புறம் ஆத்தாளும் மகளும் ரெண்டு நாளு பேசிக்கிட்டே இருந்தாங்க, மில்லு தொறக்கல. மூணாம் நாளு சுடரு ஒரு தாம்பாளத்துல வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடு வீடா வந்தா. 'மேக்கு முகத்துல கயிறில்லாம ஏறணும்னு ஆசை. ஒரு பகல் எனக்காகத் தொங்க முடியுமா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டேன்.' இப்படிக் கேட்டா யாரு மறுப்பா? இருந்தாலும் மறுத்தாங்க. மருமகளுக்கு இது மாசம்னு ஒரு வீட்டுல சொல்ல, புள்ள பொறந்த பிறகுன்னு நாளைத் தள்ளி வச்சா. மாட்டுத் தவிடுன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டாத்தான் எடுப்பேன்னு நான் சொன்னேன், கேட்டா, எடுத்தேன்.

கடைசியாத் தாம்பாளத்தைப் பஞ்சவர்ணத்துகிட்ட நீட்டுனா. பஞ்சவர்ணம் வெத்தலையை எடுத்து, நிதானமாக் காம்பு கிள்ளி, மடிச்சு வாயில போட்டு மென்னுட்டுத்தான் பேசுனா.

'போ. ஆனா மேல போனதும் என்னை மறந்துரணும். நெனப்பு வந்தா கை வழுக்கும், அது எனக்கு இப்பத் தெரியும். பாறைகிட்டப் போய் நின்னு பாரு. மறந்துட்டேன்னா ஏறு. மறக்க முடியலைன்னா அன்னைக்குக் கயித்தைக் கட்டிக்க.'

'சரிம்மா'ன்னா சுடரு.

அந்த நாளும் வந்துச்சு. விடிஞ்சதும் சுடரு மேக்க நடந்தா. வழி காட்டுறேன்னு கனிராஜ் கூடப் போனான், அந்தப் பாறைக்கு வழி கேக்கவா வேணும்? கடையில எலி கடிக்குதுன்னு சொல்லிக் கயித்துக் கட்டைத் தோளுல போட்டுக்கிட்டு அண்ணாச்சியும் பின்னாலயே போனாரு. மைக்குச் சொல்லிருச்சு. நாங்க புளிச்சோறு கட்டி, தண்ணிச் செம்பைக் கைக்கெட்டுற ஒயரத்துல மாட்டி, தூணோட எங்களைக் கட்டிக்கிட்டுக் காத்திருந்தோம். மில்லுத் திண்டோரம் நாங்க ஒரு வரிசை, நடுவுல பஞ்சவர்ணம்.

வெயில் ஏறுச்சு. கால் எழும்பல. இன்னும் ஆரம்பிச்சிருக்க மாட்டான்னு பேசிக்கிட்டோம். இன்னும் கொஞ்சம் வெயில் ஏறுச்சு, மேக்க இருந்து, ஏற ஆரம்பிச்சுட்டாங்கன்னு மைக்குச் சத்தமும் வந்துச்சு. கால் எழும்பல. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. அவ மேல இருந்த பாசம் எனக்கு வத்திப் போச்சா? மாட்டுத் தவிடுன்னதை இன்னுமா மனசுல வச்சிருக்கேன்? ஓரக்கண்ணால பாத்தா செல்லப்பாண்டி முன்விரலுல எம்பி நிக்கிறாரு. என் வீட்டுக்காரரு செங்கல்லுக்குக் கையை நீட்டுறாரு. நானும் மெதுவாக் குதிகாலைத் தூக்கிக்கிட்டேன். ஊரே முன்விரலுல நின்னுக்கிட்டு, தொங்குற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு, அசையாம இருந்தோம்.

பஞ்சவர்ணம் மட்டும் பாவனை பண்ணல. தரையில பதிஞ்சு கெடந்த தன் பாதம் ரெண்டையும் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தா. கட்டியிருந்த கயித்தை அவுத்தா. மாவுத் தரையில அப்படியே காலை நீட்டி உக்காந்து, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கக் குலுங்க அழுதா, அழுதுக்கிட்டே சிரிச்சா.

'என்னக்கா?'ன்னு நான் பதறிப் போய்க் கேட்டேன்.

'எல்லாரும் காலைக் கீழ வைங்கடி'ன்னா. 'கயித்தைக் கட்டிட்டா. என்னை மறக்க முடியலையாம் அந்தப் பாவி மகளுக்கு.'